ஜாப்பா, ஒர்க்கா?

ஆங்கிலத்தில் எங்கே ஜாப் (job), எங்கே ஒர்க் (work)? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. தமிழில் இரண்டுமே வேலை, மலாயில் இரண்டுக்கும் கெர்ஜா. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

எண்ணிக்கை
ஜாப்: எண்ணலாம். 'டூ ஜாப்ஸ்' சரி.
ஒர்க்: வேலை என்ற பொருளில் எண்ண முடியாது, 'எ ஒர்க்' தவறு. 'ஒர்க்ஸ்' என்றால் ஓவியர், எழுத்தாளரின் படைப்புகள் என்றாகிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள், பாவம்.

பொருள்
ஜாப்: சம்பளம் வரும் வேலை, அல்லது செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியம்.
ஒர்க்: உழைப்பு. அம்மா வீட்டில் நாளெல்லாம் செய்வதும் ஒர்க்தான்.

வேலை தேடுகிறேன் என்று பேச்சில் சொல்ல ஜாப் போதும். விண்ணப்பக் கடிதத்தில் 'பொசிஷன்' எழுதுங்கள், மரியாதையாக இருக்கும். அப்புறம், முன்பு வேலை பார்த்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று விளக்கும்போது ஒர்க்.