சின்ன நிறுவன சர்வருக்கு எந்த பேக்கப் மென்பொருள்? சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் சர்வர். கணக்கு மென்பொருளான டேலி, பையர்களின் ஆர்டர் ஷீட்டுகள், எம்பிராய்டரி டிசைன்கள், ஷிப்பிங் பேப்பர்கள் எல்லாம் அதில்தான். பேக்கப் மென்பொருள் தேடும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலை இந்த சர்வர் ஆன் ஆகாவிட்டால், வேறொரு பெட்டியில் எப்போது பில் போட முடியும்? விலை, வசதிப் பட்டியல் எல்லாம் அதற்கு அப்புறம்.

சர்வரோடு இலவசமாகவே வரும் விண்டோஸ் சர்வர் பேக்கப்பைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதன் மேல் நல்ல மதிப்பு உண்டு. ஒரு யுஎஸ்பி டிஸ்க்கை அதற்கென்றே ஒதுக்கிவிட்டால் முழு சர்வரையும் இமேஜாக, அதாவது விண்டோஸ் உட்பட அப்படியே ஒரு நகலாக, எடுத்து வைக்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், விண்டோஸ் இன்ஸ்டால் மீடியாவில் பூட் செய்து புது டிஸ்க்கில் அப்படியே இறக்கிவிடலாம். ஆனால் நெட்வொர்க் ஷேருக்கு (நெட்வொர்க்கில் வேறொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்கு) அனுப்பினால் கடைசி பேக்கப் மட்டுமே நிற்கும். ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே எழுதிவிடும். வெள்ளிக்கிழமை கெட்ட ஃபைலைத் திங்கட்கிழமை கவனித்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒன்று எப்போதும் கழற்றி, வேறு கட்டடத்தில் இருக்கும்.

இதில் மெயில் அனுப்பும் வசதி கிடையாது. பேக்கப் நல்லபடியாக முடிந்தால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4 என்ற எண்ணோடு பதிவாகும். வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் அதைப் பிடித்து, சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் மூலம் மெயில் வர வைத்திருக்கிறேன். தோல்விக்கு மட்டும் மெயில் வைத்தால் போதாது. சர்வரே படுத்துவிட்டால் அந்த மெயிலை யார் அனுப்புவது? காலையில் மெயில் வரவில்லை என்றால், டீக்கு முன்னால் சர்வர் அறைக்குத்தான் போவேன்.

இது ஒன்றே போதுமா என்றால், போதாது. 2017 மே மாதம் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்கவில்லை. ஷேடோ காப்பிகளை (விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் அந்தந்த நேரத்து நகல்களை) அழித்தது, இதே விண்டோஸ் பேக்கப்பின் கேட்டலாக்கை, அதாவது பேக்கப்புகளின் பட்டியலை, அழிக்கும் கட்டளையையும் ஓட்டியது. ஆகவே இரண்டாவது பிரதி வேறு மென்பொருளில், வேறு இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அதற்கு முதலில் பார்க்க அழகாக இருந்த ஒரு இலவச மென்பொருளைப் போட்டேன். பெயர் வேண்டாம். அதன் லோக்கல் டேட்டாபேஸ் ஒருமுறை கெட்டு, அதைத் திரும்பக் கட்டுவதற்கே ஓர் இரவு முழுக்க ஓடியது. அவசரத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது. எடுத்துவிட்டேன்.

இப்போது இருப்பது ரெஸ்டிக். திறந்த மூல மென்பொருள், என்க்ரிப்ஷன் கட்டாயம், மாறிய துண்டுகள் மட்டுமே மேலே போகும். 2022இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து கம்ப்ரஷனும் உண்டு. திறந்திருக்கும் ஃபைல்களுக்காக விண்டோஸின் ஷேடோ காப்பியைப் பயன்படுத்தச் சொல்லலாம். ஆனாலும் எல்லோரும் டேலியை மூடிய பிறகு இரவில் ஓடவிடுவதே எனக்கு நிம்மதி.

சேமிப்பது அமேசான் கிளவுடின் மும்பை சர்வரில். 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளில் வந்த திருத்தப்படி, கணக்குகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் விலை குறைவான இடங்கள் இருந்தாலும் பிரைவேட் லிமிடெட்காரர்கள் இதை மறந்துவிடக் கூடாது. எங்கள் சர்வரிடம் கொடுத்திருக்கும் அமேசான் சாவிக்கு (பாஸ்வேர்ட் போன்றது) படிக்கவும் எழுதவும் மட்டுமே அனுமதி. லாக்ஸ் (locks) என்ற, ரெஸ்டிக்கின் தற்காலிகப் பூட்டு ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைத் தவிர வேறெதையும் அழிக்க முடியாது. பழைய பேக்கப்புகளை நீக்குவது வேறு மெஷினிலிருந்து, வேறு சாவியில். வைரஸ் சர்வருக்குள் புகுந்தாலும் இந்தச் சாவியால் மும்பையில் இருக்கும் பேக்கப்புகளை நீக்க முடியாது; ஆனால் மேலே எழுதிவிடாமல் இருக்க, பழைய பிரதிகளையும் காக்கும் வெர்ஷனிங் அங்கே ஆனில் இருக்க வேண்டும்.

ரெஸ்டிக்கின் குறை, எல்லாமே கட்டளை வரிதான்; பட்டன் கிடையாது, டைப் செய்துதான் ஓட்ட வேண்டும். விண்டோஸில் பேக்கப்பை டிரைவ் போல மவுன்ட் செய்து பார்க்கவும் முடியாது. "அண்ணா, நேத்து வெச்ச ஷீட்டைக் காணோமுங்க" என்று யாராவது வந்தால் நானேதான் எடுத்துத் தர வேண்டும். பாஸ்வேர்ட் தொலைந்தால் மீட்க வழியே இல்லை. அதைக் காகிதத்தில் எழுதி, முதலாளியிடம் ஒன்று, ஆடிட்டரிடம் ஒன்று கொடுத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை டேலி ஃபோல்டரை ஒரு பழைய கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்க்கிறோம். திறக்கிறதா என்று நான் பார்த்தால் போதாது. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா வந்து, முந்தைய நாள் பிரின்ட் எடுத்த டிரையல் பேலன்ஸை வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பார். "கடைசி வவுச்சர் வரைக்கும் இருக்குதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த மாதத்து பேக்கப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே பெட்டிக்குள் ஓடும் பல கம்ப்யூட்டர்கள்) வைத்திருப்பவர்கள் வீம் நிறுவனத்தின் கம்யூனிட்டி எடிஷனைப் பார்க்கலாம். 10 மெஷின்கள் வரை இலவசம். எங்களுடையது போல ஒற்றை சர்வர் என்றால் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது.