ஐஆர்க்யூ 16-ல் டிஸ்க் படுத்தால்: ஐஆர்க்யூபோலா, நோஏபிக்கா, எம்எஸ்ஐயா?

லினக்ஸ் ஓடும் பழைய மேசைக்கணினி ஒன்றில் சாட்டா கார்டு செருகி நாலு டிஸ்க் மாட்டியிருந்தேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி பேக்கப் ஆமை வேகத்துக்கு இறங்கிவிட்டது. கர்னல் பதிவைத் திறந்தால் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" (16-ஆம் எண் இன்டரப்ட் கம்பியை யாரும் கவனிக்கவில்லை) என்று ஒரு வரி, கூடவே ஐஆர்க்யூபோல் என்ற பூட் தெரிவைப் போட்டு பூட் செய்து பாருங்கள் என்ற யோசனை, கடைசியில் 16-ஐ மூடிவிட்டேன் என்ற அறிவிப்பு. கர்னலே சொல்கிறதே என்று பலரும் அதை அப்படியே செய்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

இன்டரப்ட் என்பது "என்னைக் கவனி" என்று கார்டு ப்ராசசரைக் கூப்பிடும் சமிக்ஞை. கார்டுகளைச் செருகும் பழைய பிசிஐ முறையில் இன்டரப்ட் கம்பிகள் நாலே நாலு. ஒரு கம்பியைப் பல கார்டுகள் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒன்று கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றால், அங்கே பதிவான டிரைவர்களை கர்னல் ஒவ்வொன்றாகக் கேட்கும், எல்லாமே "என்னுடையது இல்லை" என்று கைவிரிக்கும். 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் இப்படிக் கேட்பாரற்றுப் போனால் கம்பியையே மூடிவிடும். தப்பே செய்யாத டிஸ்க் கன்ட்ரோலரும் அதோடு மாட்டிக்கொள்ளும். மூடிய கம்பியை கர்னல் நொடிக்கு சுமார் 10 முறை மட்டும் எட்டிப் பார்ப்பதால்தான் டிஸ்க் முழுசாக நிற்காமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

ஐஆர்க்யூபோல் என்ன செய்கிறது? யாரும் ஏற்காத இன்டரப்ட் வந்தால் மற்ற கம்பிகளின் டிரைவர்களையும் கேட்கிறது, டைமர் அடிக்கும்போதும் எல்லாரையும் விசாரிக்கிறது. பயாஸ் (மதர்போர்டின் ஆரம்ப மென்பொருள்) தப்பான கம்பியைக் காட்டியிருந்தால் இது உதவும். ஆனால் கத்துகிற கார்டுக்கு டிரைவரே ஏற்றப்படவில்லை என்றால் யாரைக் கேட்டு என்ன பயன்?

ஐஓ ஏபிக்கை அணைக்கும் நோஏபிக் என்ற பூட் தெரிவு இதைவிட மோசம். கார்டுகளின் கம்பிகள் போய்ச் சேரும் சிப்தான் ஐஓ ஏபிக், அதில் வழக்கமாக 24 உள்ளீட்டுக் கம்பிகள் கிடைக்கும். அதை விட்டுவிட்டுப் பழைய 8259 சிப்புக்குப் போனால் 15தான், அதிலும் டைமர், விசைப்பலகை, கடிகாரம் எல்லாம் இடம் பிடித்த பிறகு மிச்சத்தில் எல்லா கார்டுகளும் நெருக்கியடிக்க வேண்டும். ஏசிபிஐ அட்டவணை (எது எந்தக் கம்பியில் என்று பயாஸ் கர்னலுக்குத் தருவது) கோளாறா என்று சோதிக்க ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அட்டவணைதான் கோளாறு என்றால் பயாஸைப் புதுப்பியுங்கள்.

கன்ட்ரோலர் எம்எஸ்ஐ தெரிந்தது என்றால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. இதில் கம்பியே கிடையாது. கார்டு ஒரு நினைவக முகவரியில் எழுதுகிறது, அதுவே இன்டரப்ட், பகிர்வுக்கு வேலை இல்லை. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாக ஓட்டினால் எம்எஸ்ஐ வரியில் எனேபிள் பக்கத்தில் கூட்டல் குறியா (இயங்குகிறது) கழித்தல் குறியா (இயங்கவில்லை) என்று தெரிந்துவிடும். சில கார்டுகளில் எம்எஸ்ஐ பழுதாகவே வரும்: டிஸ்க்கை அடையாளம் காணும்போதே டைம்அவுட் ஆகும், ப்ராக் டைரக்டரியில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த வரியின் எண்ணிக்கை நகரவே நகராது. அப்போதும் பிசிஐ நோஎம்எஸ்ஐ என்ற பூட் தெரிவைப் போட்டு மொத்த இயந்திரத்துக்கும் எம்எஸ்ஐயை அணைக்காதீர்கள், என்விஎம்இ டிஸ்க் இருந்தால் அதுவும் சேர்ந்து அடிவாங்கும். டிரைவரிலேயே அதை அணைக்கும் தெரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, என் கார்டில் எம்எஸ்ஐ இல்லை. கர்னல் அந்தப் பிழைச் செய்தியோடு 16-ல் இருக்கும் டிரைவர்களின் பட்டியலையும் தருகிறது. அதையும், எல்எஸ்பிசிஐயில் 16-க்குப் போவதாகக் காட்டும் சாதனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மதர்போர்டிலிருந்த ஃபயர்வயர் கன்ட்ரோலர் இரண்டாவதில் இருந்தது, முதலாவதில் இல்லை. டிரைவர் இல்லாமலே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தேவையே இல்லை, பயாஸில் அணைத்தேன், 16 திரும்ப மூடவில்லை.

உங்களுக்கு அந்தச் சாதனம் வேண்டும் என்றால் அதன் டிரைவரை ஏற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்; ஸ்லாட்டுக்கு ஸ்லாட் கம்பி சுழற்சியாக மாறும். மாற்றும் முன்பு எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகும் என்ற பட்டியல்) டிஸ்க்குகளை யூயூஐடி (ஸ்லாட் மாறினாலும் மாறாத அடையாள எண்) கொண்டு குறித்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்லாட் மாறினால் எஸ்டிஏ என்ற டிஸ்க் பெயர் எஸ்டிபி ஆகிவிடலாம்.