மேட்டுப்பாத்திக்கு மண்கலவை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஓர் இணைய விற்பனைத் தளத்தில் "நன்கு மட்கிய தொழுவுரம் சேர்த்த காய்கறித் தோட்ட மண்" என்று விற்கப்பட்ட கலவையை வாங்கி, என் சம்பளத்தில் அரை மாதப் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். அடுத்தவர் இதே பேச்சை நம்பிவிடக் கூடாது.

பலகைகளை அறுத்து, மூலைகளுக்குக் கட்டை கொடுத்து, 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்தில் இரண்டு மேட்டுப்பாத்திகளை நானே செய்திருந்தேன். விற்பனையாளர் தொலைபேசியில் அளவுகளைப் பொறுமையாகக் கேட்டு, இரண்டுக்கும் சேர்த்து 64 கன அடி என்று தாமே கணக்கிட்டதோடு, தண்ணீர் விட்டதும் மண் அமுங்கும், சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள் என்றும் சொன்னார். தொழில் தெரிந்தவர் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. களைக்கொல்லி தெளித்த புல்லைத் தின்ற மாடுகளின் சாணமா என்று கேட்டேன். "சுத்தமான இயற்கை உரம், என் வீட்டுச் செடிகளுக்கும் இதைத்தான் போடுகிறேன்" என்றார். முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

வந்த கலவையும் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது; கையில் பிடித்தால் உருண்டது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. ஆனால் அதில் நட்ட தக்காளியின் தளிர்கள் விரியாமல் கிண்ணம்போல் குவிந்து, நுனி இலைகள் நூலாகச் சுருங்கி, தண்டும் முறுக்கிக்கொண்டது. பீன்ஸும் அப்படியே. அதே பாத்தியில் மக்காச்சோளம் மட்டும் செழித்து நின்றது. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் மக்காச்சோளம் போன்ற புல்லினத்தை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைத்தான் தாக்கும். மாட்டின் வயிற்றைக் கடந்தும், சாணம் மட்கிய பிறகும் அவற்றின் வீரியம் போவதில்லை. ஒரு தொட்டியில் இந்தக் கலவையையும் இன்னொன்றில் வேறு மண்ணையும் நிரப்பி, ஒரே பொட்டலத்துப் பீன்ஸ் விதைகளை ஊன்றிப் பார்த்தேன். வேறு மண்ணில் வளர்ந்தவை நேராக நிற்கின்றன, கலவையில் முளைத்தவை முறுக்கிக்கொண்டன.

விற்பனையாளரிடம் சொன்னபோது, முதலில் தண்ணீர் அதிகம் என்றார். படங்களை அனுப்பியதும் வைரஸ் நோய் என்றார். மக்காச்சோளத்தைக் காட்டிக் கேட்ட பிறகு பதிலே வரவில்லை. விற்பனைத் தளத்தில் முறையிட்டால், பொருளைத் திருப்பித் தருவதற்கான காலம் முடிந்துவிட்டதாம். செடி இலை விட்ட பிறகே தெரியக்கூடிய கோளாறை மூட்டை பிரித்த அன்றே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, "பயன்படுத்திய பொருளுக்குப் பணம் திரும்பாது" என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். அரை மாதச் சம்பளம் போனதோடு, 64 கன அடி மண்ணையும் நானே அள்ளி வெளியேற்ற வேண்டும்!

விரிவாக யோசனை சொல்லும் மனநிலையில் இல்லை. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு மூட்டை மட்டும் வாங்கி, பீன்ஸ் ஊன்றி மூன்று வாரமாவது பாருங்கள். எரு எங்கிருந்து வந்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே தராதீர்கள். இப்படி முறுக்கிய செடிகளைப் பிடுங்கினால் உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்த நஞ்சு அடுத்த உரத்திலும் கலந்துவிடும்.