லாசப்பலில் கிடைக்கும் வெங்காய வடகம்

பாரிசில் இருக்கும் பாண்டிச்சேரிக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் பகுதியில், ஃபோபூர் சேன் தெனி தெருவில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் சின்ன மளிகைக் கடையில் நம் ஊர் வெங்காய வடகம் கிடைக்கிறது. கால் கிலோ ஆறு யூரோ. மெட்ரோவில் இறங்கி கார் து நோர் ரயில் நிலையம் பக்கம் நடந்தால், வாசலில் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாக நிறுத்தி வைத்திருப்பார்கள். அதுதான் கடை.

முதல் தடவை வடகம் கேட்டதும் அக்கா எடுத்துக் கொடுத்தது வேப்பம்பூ வடகம். உளுந்தோடு வேப்பம்பூ சேர்த்துத் தட்டிக் காயவைத்தது. பொரித்துச் சோற்றோடு சாப்பிடுவது. அருமையாகத்தான் இருந்தது, ஆனால் நான் தேடிப் போனது அது இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுந்து எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்போமே என்று கையால் உருட்டிக் காட்டினேன். “ஓ, தாளிக்கிற வடகமோ? எடுப்பிச்சு வைக்கிறன் தங்கச்சி” என்றார். அடுத்த மாதமே வந்துவிட்டது.

கரும்பழுப்பில் நெல்லிக்காய் அளவு உருண்டைகள். நல்ல வடகம் நசுக்கினால் மாவாக உதிராது. விரலில் லேசாக ஒட்டிக்கொண்டு இழை இழையாகப் பிரியும். இது பிரிந்தது. அன்றைக்கே வஞ்சிர மீன் குழம்பு வைத்து, இறக்கும்போது நல்லெண்ணெயில் ஒரு உருண்டையை உதிர்த்துப் போட்டேன். கடுகு வெடித்து, வெங்காயம் சிவந்து, அந்த வாசனை எழும்பியதும் உள் அறையில் இருந்த அம்மா எழுந்து சமையலறைக்கே வந்துவிட்டார்.

சூப்பர் மார்க்கெட்டில் குப்பியில் ‘வதுவான்’ என்று விற்கிறார்களே, அது நம் வடகத்திலிருந்து போனதுதான், பெயர் உட்பட. நான் வாங்கிப் பார்த்தது வெறும் பொடி. சூப்பில் தூவலாம். தாளிக்கப் போனால் எண்ணெயில் பட்டதும் கருகுகிறது.

எங்கள் வீட்டில் வடகம் சும்மா வந்த பொருள் இல்லை. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், இந்தோசீனா போய் வந்தவர். பாண்டிச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தபோது, ஊரிலேயே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பிரெஞ்சுக் குடியுரிமை நிற்கும். தாத்தா எழுதிக் கொடுத்தார். பிறகு பாட்டி பாரிசை ஒட்டிய சர்செலுக்கு வந்து, நான்காவது மாடி பால்கனியில் வடகம் போட்டுப் பார்த்தார். ஊரில் அக்னி நட்சத்திரத்தில் சுக்காகக் காய்வது இங்கே ஆகஸ்டிலும் காயவில்லை. மூன்றாம் நாள் மழை. எல்லாம் பூஞ்சை பூத்து, பாட்டி அதைக் குப்பையில் கொட்டியபோது அழுதாராம். அப்புறம் ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில்தான் எங்களுக்கு வடகம். துணியில் சுற்றி அதன்மேல் மூன்று பிளாஸ்டிக் பை போட்டாலும் புடவையெல்லாம் வாசனை ஏறியிருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் தேதி கிடையாது. இரண்டாவது முறை வாங்கியதில் சில உருண்டைகளுக்குள் ஈரம் இருந்தது. எடுத்துப் போய்க் காட்டினேன், மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார். நீங்களும் கடையிலேயே ஒன்றைப் பிட்டுப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடிவிடுங்கள்.

மாணிக்க விநாயகர் கோயில் தேர் அன்று மட்டும் போகாதீர்கள். அந்தப் பக்கமெல்லாம் தேங்காய் உடைத்து, கூட்டம் நெரியும். நின்று பேசி வாங்க முடியாது. சாதாரண நாளில் காலையிலேயே போனால் அக்கா நிதானமாக எடுத்துக் காட்டுவார்.

அம்மா முகர்ந்து பார்த்து, பூண்டு ஒரு பிடி கூடுதல் என்றார். அடுத்த தடவை இரண்டு பாக்கெட்டாகச் சொல்லி வைக்கவும் சொன்னார். சொல்லி வைத்திருக்கிறேன்.