ஸ்வீட் ஹோம் 3டியில் வீட்டுப் பிளான் கீறுவது: திருகோணமலையில் சில வருடம் பாவித்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வீட் ஹோம் 3டி என்ற, வீட்டுப் பிளான் கீறும் கணினி மென்பொருளில் கீறிய படத்தை அப்படியே கொண்டுபோய் உள்ளூராட்சி சபையில் நீட்டி வீட்டுக்கு அனுமதி எடுக்க முடியாது. அதற்கு வெட்டுமுகம் (வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் படம்) வேண்டும், முகப்புத் தோற்றம் வேண்டும், வீதியிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி நிற்கிறது, மலக்குழி எங்கே, கிணறு எங்கே என்று காட்டும் படம் வேண்டும், கடைசியில் தகுதியுள்ள ஒருவரின் கையொப்பமும் வேண்டும். இருந்தும் இதை என் லெப்டொப்பிலிருந்து நான் இன்னும் அழிக்கவில்லை. உப்புவெளிப் பக்கம் எங்கள் வீட்டைக் கட்டும்போது பாவித்தேன், பிறகு அக்காவின் வீட்டுக்கு இரண்டு அறை கூட்டியபோது பாவித்தேன், இப்போது தெரிந்தவர்கள் யாராவது காணி வாங்கினால் "தம்பியிட்ட ஒருக்கா கேப்பம்" என்று வந்துவிடுகிறார்கள். படம் கீறுபவரிடம் காசைக் கொடுத்து உட்காருவதற்கு முன்னால் வீட்டுக்குள் நடக்க வேண்டிய வாக்குவாதம் எல்லாவற்றையும் நடத்தி முடிக்க இதைவிட வசதியான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக: இலவசம், திறமூலம், 2006இல் வந்தது, ஜாவாவில் எழுதப்பட்டதால் விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய லெப்டொப்பும் தாங்கும். எனக்குப் பெரிய லாபம் என்னவென்றால் ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளின் இலவச வடிவம் உலாவிக்குள் ஓடுவது, டேட்டா முடிந்தால் கதை முடிந்தது. அதோடு அளவுத்திட்டத்தோடு தாளில் படம் போட உதவும் லேஅவுட் கட்டணப் பதிப்போடுதான் வரும். ஸ்கெட்ச்அப் கூடாது என்று சொல்லவில்லை, கூரை, முகப்பு போன்றவற்றுக்கு அதுதான் திறம். ஆனால் அறைகளை ஒழுங்குபடுத்திப் பார்ப்பதற்கு அது தேவைக்கு மிஞ்சிய ஆயுதம்.

சரி, வேலைக்கு வருவோம். வெற்றுத் திரையில் சுவர் போடத் தொடங்க வேண்டாம். முதலில் சர்வேயர் தந்த நில அளவைப் படத்தைப் பின்னணிப் படமாக உள்ளே எடுங்கள். அதைப் போனில் படம் பிடித்துப் போடுகிறார்கள், அது பிழையாகப் போகும், ஏனென்றால் போன் கொஞ்சம் சரிந்தாலே ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்கும். கடையில் கொடுத்து ஸ்கேன் எடுப்பதுதான் புத்தி. உள்ளே எடுத்ததும் மென்பொருள் ஒரு கோட்டைக் காட்டி இது எவ்வளவு நீளம் என்று கேட்கும். காணியின் ஆக நீளமான எல்லையை அதற்குக் கொடுங்கள், சின்ன எல்லையைக் கொடுத்தால் அரை அங்குலப் பிசகும் மற்றப் பக்கத்தில் பெருகி நிற்கும். பிறகு இன்னொரு எல்லையை அளவுக் கோட்டால் அளந்து படத்தில் எழுதியிருப்பதோடு சரிவருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. சர்வே படம் மீற்றரில் இருக்கும், மேசன் அடி அங்குலத்தில் பேசுவார், காணி விற்றவர் பேர்ச்சில் சொல்வார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆக 15 பேர்ச் என்றால் ஏறத்தாழ 4,084 சதுர அடி. நான் மென்பொருளை அடி, அங்குலத்தில் வைத்துவிட்டு சர்வே அளவுகளை மட்டும் மாற்றிக்கொள்வேன். வீட்டைக் கட்டப்போவது மேசன்தானே.

இனி, புதிதாகத் தொடங்கும் எல்லோரும் விழுகிற குழி ஒன்று. இதில் சுவரின் நீளம் சுவரின் நடுக்கோட்டில்தான் எண்ணப்படும். நீங்கள் 10 அடிக்கு 10 அடி என்று நாலு சுவர் போட்டால், 6 அங்குலக் கல் சுவர் என்றால் உள்ளே கிடைப்பது 9 அடி 6 அங்குலம். அதிலும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு வந்தால் 9 அடி 5 அங்குலம். இதிலென்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆறரை அடிக் கட்டிலைப் போட்டு அதன் கால்மாட்டில் இரண்டடி ஆழமான அலுமாரியை வையுங்கள். பத்தடி அறையில் இடையில் ஒன்றரை அடி மிஞ்சும், ஒன்றரை அடிக் கதவுள்ள அலுமாரி தட்டுத்தடுமாறித் திறக்கும். 9 அடி 5 அங்குலத்தில் மிஞ்சுவது 11 அங்குலம். கதவு கட்டிலில் இடிக்கும், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கதவைப் பாதி திறந்து கையை உள்ளே விட்டுச் சேலை இழுக்க வேண்டியதுதான். ஆகவே சுவர்த் தடிப்பை முதலிலேயே அமைப்பில் மாற்றுங்கள், பூச்சோடு சேர்த்து 7 அங்குலம் என்று வைத்தால் நல்லது. சுவர் போடும்போது எண்டரை அழுத்தினால் நீளத்தைத் தட்டச்சு செய்யலாம், மவுஸால் இழுத்து "கிட்டத்தட்ட" என்று விடாதீர்கள். உள்ளளவு 10 அடி வேண்டும் என்றால் நடுக்கோட்டில் 10 அடி 7 அங்குலம் போட வேண்டும். பிறகு அளவுக் கோடுகளைச் சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், தானாக வரும் எண்ணை நம்ப வேண்டாம். சுவரின் உயரமும் 2.5 மீற்றர் என்றுதான் வரும், அதாவது 8 அடி 2 அங்குலம். எங்கள் வெக்கைக்கு யார் எட்டடியில் கட்டுகிறார்கள்? 10 அடிக்கு மாற்றிவிடுங்கள்.

நிலையம் எடுக்கிற, அதாவது மனையடி சாஸ்திரப்படி வீட்டின் இடத்தையும் அளவுகளையும் குறிக்கிற குடும்பம் என்றால் இந்த உள்ளளவு விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தக் கணக்கில் அரை அங்குலத்துக்கும் பெறுமதி இருக்கிறது. நம்புகிறீர்களோ இல்லையோ, வீட்டில் அம்மா நம்பினால் அது கட்டட விதி மாதிரித்தான். நிலையத்தை எடுத்து முடித்த பிறகு கீறத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் குசினியை அக்கினி மூலைக்கு, அதாவது தென்கிழக்குக்குத் தள்ளும்போது குழாய், மலக்குழி, பின்வாசல் எல்லாமே சேர்ந்து நகரும்.

இந்த மென்பொருளில் எனக்கு ஆகப் பிடித்தது திசைகாட்டி. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. அதை இரண்டு தரம் அழுத்தினால் இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு கேட்கும். திருகோணமலைக்கு 8.57 வடக்கு, 81.23 கிழக்கு என்று கொடுங்கள், வடக்குத் திசையைச் சர்வே படத்தில் உள்ள அம்புக்குறிக்குத் திருப்புங்கள். பிறகு படம் உருவாக்கும் பகுதியில் தரத்தைக் கூட்டி வைத்து நாளையும் நேரத்தையும் மாற்றினால் வெயில் எந்த யன்னலால் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று காட்டும். எங்கள் ஊர் அகலக்கோட்டில் ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் மத்தியானம் தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். வடக்கு யன்னல் என்றால் எப்போதும் குளிர்ச்சி என்று தமிழ்நாட்டு வீடியோ, ஐரோப்பிய வீடியோ பார்த்துவிட்டுச் சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். ஜூனில் சூரியன் மறைவதும் நேர் மேற்கில் அல்ல, அதிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி. பின்னேரம் நாலு மணிக்கு அந்தச் சாய்ந்த வெயில் வடமேற்கு மூலை அறைக்குள் புகுந்து, கூடவே வரண்ட, சூடான கச்சான் காற்றும் அடித்தால், அந்த அறையில் மனுசர் படுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த மூலையில் படுக்கையறை வரும் என்றுதான் முதலில் பேச்சு. ஜூன் பதினைந்து, பின்னேரம் நாலு என்று வைத்து எடுத்த ஒரு படத்தைப் பார்த்த பிறகு அம்மாவே "அதில சாமான் அறை போடுங்கோ" என்றார். அதற்கு முன்னால் நான் வாயால் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

மாரிக்கு இந்தப் படம் உதவாது. மழைச்சாரல் எவ்வளவு தூரம் அடிக்கும் என்று இது காட்டாது, அதை நீங்களே யோசிக்க வேண்டும். ஒக்டோபர் கடைசியிலிருந்து வாடைக்காற்றோடு வரும் மழை கிழக்கு, வடகிழக்குப் பக்க விறாந்தையை நனைத்துவிடும், ஆகவே அந்தப் பக்கத் தாவாரத்தைக் கொஞ்சம் நீட்டிப் போடுங்கள். தாவாரத்தை நீட்டினால் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் இதில் பார்க்கலாம்.

சாமான் பட்டியலில் உள்ள கட்டில், சோபா எல்லாம் வெளிநாட்டு அளவு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சாமானை டேப் பிடித்து அளந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் மாற்றிப் போடுங்கள். தேக்கு அலுமாரி ஒன்று பரம்பரையாக வந்திருந்தால் அது எந்தக் கதவால் உள்ளே போகும் என்பதையும் பாருங்கள். படிக்கட்டில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பட்டியலில் இருக்கும் படியை இழுத்துப் போட்டு நீள அகலத்தைச் சுருக்கினால் அது மறுக்காமல் சுருங்கிவிடும், நடக்க முடியாத படியாகப் போய்விடும். கணக்கைக் கையால் போடுங்கள்: மாடி உயரம் 10 அடி, சிலாப் 5 அங்குலம் என்றால் மொத்தம் 125 அங்குலம், ஒரு படி 7 அங்குலத்துக்குள் வரவேண்டுமானால் 18 ஏற்றம், 17 மிதி, மிதி 10 அங்குலம் என்றால் நேராகப் போகும் படிக்கு 14 அடி 2 அங்குல நீளம் வேண்டும். இடையில் திரும்பும் மேடை வைத்தால் நீளம் குறையும், அகலம் கூடும். அந்த இடம் உங்கள் பிளானில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு படியை வையுங்கள்.

பலவீனங்களையும் சொல்ல வேண்டும். கூரை போட இதில் ஒழுங்கான கருவி இல்லை, சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும், நான் செய்வதை விட்டுவிட்டேன். தூண், பீம் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. முப்பது அடி ஹோலைத் தூணே இல்லாமல் போட்டாலும் முப்பரிமாணத்தில் அழகாக நிற்கும். எங்கள் மேசன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, படம் வடிவா இருக்கு, தூண் எங்க வருது?" மேல்மாடிச் சுவருக்குக் கீழே கீழ்மாடிச் சுவர் வருகிறதா என்பதையாவது தளங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், மற்றதைப் பொறியியலாளரிடம் விடுங்கள்.

அனுமதி விஷயத்தில் ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் வீதிக் கோடு, கட்டடக் கோடு (வீதிப் பக்கம் அதைத் தாண்டிக் கட்டக்கூடாத கோடு), பின்வெளி (வீட்டின் பின்னால் விட வேண்டிய இடம்) என்று எதைக் கேட்கும் என்பதைப் படம் கீற முன்னமே நேரில் போய்க் கேட்டு, அந்தக் கோடுகளைப் பின்னணிப் படத்தின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வரும் இடம் என்றால் அவர்களின் 2021 ஒழுங்குவிதிகள் பொருந்தும், பழைய பிளானைப் பார்த்துக் கொப்பி அடிப்பது சரிவராது. நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி என்று கடற்கரையை ஒட்டிய காணி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்கு முன் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். மணல் நிலத்தில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரத்தையும் அளவுக் கோட்டால் காட்டுங்கள், உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணறும். எவ்வளவு தூரம் வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார்.

படம் கீறுபவரிடம் கொடுக்கும்போது அழகான முப்பரிமாணப் படங்களை அல்ல, அளவு போட்ட தளப் படத்தைக் கொடுங்கள். பக்க அமைப்பில் அளவுத்திட்டத்தை 1:100 என்று வைத்து பிடிஎஃப் ஆக எடுக்கலாம். அச்சடிக்கும் கடையில் "தாளுக்குள் அடக்கு" என்ற தெரிவு இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவுத்திட்டம் போய்விடும். கையோடு அடிமட்டத்தை வைத்து 10 மீற்றர்ச் சுவர் 10 சென்ரிமீற்றர் வருகிறதா என்று பாருங்கள். அவர் ஆட்டோகாட்டில் வேலை செய்பவர் என்றால் எஸ்விஜியாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஆட்டோகாட் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அனேகமாக அவர் அதைத் தொடாமல் அளவைப் பார்த்துத் தானே கீறுவார். அதுவே நல்லது. ஃபைலுக்குத் திகதியோடு பெயர் வைத்துச் சேமியுங்கள், கனடாவிலிருக்கும் அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது எது, மேசன் கையில் இருப்பது எது என்று பிறகு தேடித் திரியக்கூடாது.

வீடு முடிந்ததும் ஃபைலை மூடிப் போட்டுவிடாதீர்கள். பூச்சு பூச முன் தண்ணீர்க் குழாயும் வயரும் சுவரில் எங்கே ஓடுகின்றன என்று அளந்து, தனி நிறக் கோட்டால் அதே பிளானில் போட்டு வையுங்கள். அக்காவின் குளியலறையில் கண்ணாடி கொழுவ ட்ரில் போட வந்த பையன் முதலில் கேட்டது அந்தப் படத்தைத்தான்.