மர வில்லுக்கு ட்ரூ-ஆயில்: நான் ஏன் இதையே வாங்கறேன், எங்க இது பத்தாது

கையால செதுக்கின மர வில்லுக்கு கடைசியா என்ன எண்ணெய் போடறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதனால நான் யூஸ் பண்ற, பர்ச்வுட் கேஸிங்கற கம்பெனியோட ட்ரூ-ஆயில் பத்தி கொஞ்சம் விளக்கமாவே எழுதிடறேன். இது வில்லுக்குன்னு வந்த சாமான் இல்ல, துப்பாக்கியோட மரக்கட்டைக்கு பூசறதுக்குன்னு செஞ்சது, அதனால பெயிண்ட் செக்ஷன்ல தேடாதீங்க, வேட்டை சாமான் விக்கற கடையில துப்பாக்கி கிளீன் பண்ற ஐட்டங்களோட இருக்கும். 3 அவுன்ஸ் சின்ன பாட்டில், 8 அவுன்ஸ் பெரிய பாட்டில்னு வருது. சின்னதையே வாங்குங்க, காரணம் பின்னாடி சொல்றேன்.

நான் இருக்கறது டல்லாஸ் பக்கம். இங்க ஓசேஜ் ஆரஞ்சுன்னு ஒரு மரம், நம்ம முசுக்கட்டை குடும்பம்தான், வடக்கு டெக்சஸ், ஓக்லஹோமா, அர்கன்சாஸ் இந்த ரெட் ரிவர் பக்கம்தான் அதோட சொந்த ஊரு. முள்கம்பி வர்றதுக்கு முன்னாடி விவசாயிங்க இதைத்தான் வேலியா வரிசையா நட்டு வளத்தாங்க, அந்த பழைய வேலி மரங்க இன்னும் நிறைய நிக்குது. பழங்குடி மக்கள் காலம் காலமா வில் செஞ்ச மரம். வெட்டினதும் மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள், ஆனா வெயில் பட பட பழுப்பா மாறிடும், எந்த எண்ணெய் போட்டாலும் அதை நிறுத்த முடியாது, அந்த மஞ்சள் அப்படியே நிக்கும்னு யாராவது சொல்லி வித்தா நம்பாதீங்க.

மேசைக்கு பாலிஷ் போடறதும் வில்லுக்கு போடறதும் ஒண்ணுன்னு நெனைக்கறதுதான் இதுல பெரிய பிரச்சினை. மேசை வளையாது. வில்லு ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அதோட முதுகு, அதாவது இலக்க பாக்கற பக்கம், இழுபடும், நம்மள பாக்கற வயித்துப் பக்கம் நசுங்கும், மேல இருக்கற பூச்சும் கூடவே நீண்டு சுருங்கி வந்தாகணும், இல்லன்னா மயிரிழை மாதிரி குறுக்கால வெடிப்பு விடும். அது பூச்சுல வந்த வெடிப்பா மரத்துல வந்த வெடிப்பான்னு தெரியாம மனசு அடிச்சுக்கும். இன்னொண்ணு எடை. வில்லோட நுனியில கொஞ்சம் எடை கூடினாலும் அம்போட வேகம் குறையும், அதனால தடிமனா கண்ணாடி மாதிரி ஏத்தவே கூடாது. மெல்லிசா இருக்கணும், வளையணும், கீறல் விழுந்தா அங்க மட்டும் மறுபடி தடவ முடியணும். இந்த மூணுக்கும் எண்ணெய் பூச்சுதான் சரி.

எண்ணெய்னா எல்லா எண்ணெயும் இல்ல. தேங்காய் எண்ணெய் போடலாமான்னு நம்ம ஆளுங்க கண்டிப்பா கேப்பாங்க. கூடாதுங்க, அது காயவே காயாது, மரத்துக்குள்ள பிசுபிசுன்னு கிடந்து கடைசியில சிக்கு வாடை வரும். நல்லெண்ணெயும் இதுக்கு உதவாது. ஆளி விதை எண்ணெய், டங் மரத்து விதையிலேர்ந்து எடுக்கற டங் எண்ணெய் இதெல்லாம் காத்துல இருக்கற ஆக்ஸிஜன இழுத்து மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கெட்டியாகற ஜாதி, தண்ணி ஆவியாகி காயற மாதிரி இல்ல. பச்சை ஆளி எண்ணெய் காய நாள் கணக்கு, சில சமயம் வாரக் கணக்கு. கிரிக்கெட் பேட்டுக்கு தடவறோம்ல அது இதுதான். பாயில்டு லின்ஸீட்னு விக்கறதுல பெரும்பாலும் கொதிக்க வச்சது ஒண்ணும் இல்ல, சீக்கிரம் காயறதுக்கு கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி உலோக உப்பு கலந்திருப்பாங்க, ஒரு நாள்ல காயும். சுத்த டங் எண்ணெய் அழகான மேட் லுக் குடுக்கும், தண்ணிக்கு ஆளி எண்ணெய விட நல்லாவே நிக்கும், ஆனா ஒரு கோட்டுக்கும், அதாவது ஒரு தடவை பூசறதுக்கும், அடுத்த கோட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு நாள் விடணும், முழுசா இறுக ஒரு மாசம் ஆகும். டங் ஆயில் ஃபினிஷ்னு லேபிள் போட்ட டப்பாவுல டங் எண்ணெய் பேருக்குத்தான் இருக்கும், சிலதுல சுத்தமா இருக்காது, அதனால பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்குங்க. ட்ரூ-ஆயில் இதுக்கெல்லாம் நடுவுல நிக்குது. ஆளி எண்ணெய அடிப்படையா வச்சு வார்னிஷ் குணத்தோட செஞ்சது, மரத்துக்குள்ளயும் இறங்கும், மேலயும் மெல்லிசா ஒரு படலம் கட்டும்.

இப்ப போடற விதம். வில்லோட வளைவு சரி பண்ற வேலை எல்லாம் முடிஞ்சு, நல்லா அம்பு விட்டுப் பாத்து, இனிமே ஒரு சீவல் கூட எடுக்க வேணாம்னு உறுதியான பிறகுதான் எண்ணெய் பாட்டில தொறக்கணும். 120, 180, 220ன்னு போய் 320 வரைக்கும் மணல் காகிதம் போடுங்க, நீளவாக்குல மட்டும். குறுக்கால ஒரு கோடு இருந்தா எண்ணெய் பட்டதும் பளிச்சுன்னு தெரியும், அதோட அழகு மட்டும் போகல, முதுகுல குறுக்குக் கீறல் இருந்தா மரம் உடைய ஆரம்பிக்கற எடமே அதுதான். முதுகு முழுக்க ஒரே வருட வளையத்துல வந்திருக்கும், அங்க தேய்க்கும்போது கை ரொம்ப லேசா இருக்கணும், வளையத்த தாண்டி கீழ போயிடக்கூடாது. அப்புறம் ஈரத்துணியால லேசா தொடச்சு காயவிட்டா நார் எழும்பி நிக்கும், அத தேய்ச்சு எடுத்துட்டு ஆல்கஹால்ல ஒரு தடவை தொடச்சா கை எண்ணெய், தூசி எல்லாம் போயிடும். கைப்பிடியில தோல் ஒட்டப் போறீங்கன்னா அந்த எடத்துக்கு டேப் போட்டு மறைச்சுடுங்க, எண்ணெய் மேல பசை நிக்காது.

பிரஷ் வேண்டாம். விரல் நுனியில ரெண்டு சொட்டு, அவ்வளவுதான், சப்பாத்தி மேல எண்ணெய் தடவற அளவு கூட வேணாம், தேய்க்கத் தேய்க்க விரல் சூட்டுலயே பரவும், ஒரு ஜாண் முடிச்சுட்டு அடுத்த ஜாண். கொஞ்சம் அதிகமா போச்சுன்னா உடனே பஞ்சு இல்லாத துணியால எடுத்துடுங்க, தடிமனா விட்டா மேல தோல் கட்டி உள்ள ஈரமாவே கிடக்கும். வெயில் காலத்துல ரெண்டு மணி நேரத்துல தொட்டா ஒட்டாது, ஆனாலும் நான் ராத்திரி முழுக்க விட்டுட்டு மறுநாள்தான் அடுத்த கோட் போடுவேன். நடுவுல 0000 நம்பர் ஸ்டீல் உல்லால, அதாவது ரொம்ப மெல்லிசான இரும்பு நாரால, லேசா ஒரு தேய்ப்பு, தூள் எல்லாம் சுத்தமா தொடச்சுட்டு மறுபடி ரெண்டு சொட்டு. நாலு கோட்டுக்கு மேல பளபளப்பு ஏறும். நமக்கு அந்த பளபளப்பு வேணாம், வேட்டைக்கு போறவங்களுக்கு சுத்தமா வேணாம், வெளிச்சம் பட்டா மான் பாத்துடும். கடைசி கோட் நல்லா இறுகின பிறகு அதே ஸ்டீல் உல்லுல கொஞ்சம் மெழுகு எடுத்து தேய்ச்சா பட்டு மாதிரி மங்கலா வரும், மரத்தோட வரி எல்லாம் உள்ளேர்ந்து எழுந்து வர்ற மாதிரி இருக்கும், அந்த அழகுக்காகவே இத எவ்வளவு வேணா சொல்லுவேன். வாசனை முழுசா போற வரைக்கும் நாண் ஏத்தாம தொங்க விடுங்க.

குறை ஒண்ணு இருக்கு, பெரிய குறை. எண்ணெய் போட்டா வில்லுக்குள்ள ஈரம் போகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. மழைத் துளிய தடுக்கும், காத்துல இருக்கற ஈரத்த தடுக்காது. விஸ்கான்சின்ல மேடிசன்ல இருக்கற அரசாங்க மர ஆராய்ச்சி நிலையம், ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் லேபரட்டரி, 1985ல வெளியிட்ட சோதனையில ஈரமான அறையில ரெண்டு வாரம் வச்சுப் பாத்தப்ப ஆளி எண்ணெயும் டங் எண்ணெயும் மூணு கோட் போட்டும் தடுத்தது கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, ஷெல்லாக், அதாவது அரக்கு, அதே நிலைமையில அதவிட எவ்வளவோ நல்லா நின்னுது. வில் மரத்துல 8லேர்ந்து 10 சதவீதம் ஈரம் இருந்தா நல்லது, காத்துல ஈரப்பதம் 75 சதவீதம்னு நாள் கணக்கா நின்னா மரம் 14 சதவீதத்துக்கு போயிடும், அப்ப இழுத்தா வில்லு வளைஞ்ச எடத்துலயே நின்னுக்கும், பழைய வேகம் வராது. ஓசேஜ் இத ஓரளவு தாங்கும், வில் செய்யற இன்னொரு மரமான ஹிக்கரி சுத்தமா தாங்காது. அதனால நான் அடியில மெழுகு நீக்கின ஷெல்லாக் மெல்லிசா ரெண்டு மூணு கோட் போட்டுட்டு அதுக்கு மேல ட்ரூ-ஆயில் போடறேன். நம்மூர் ஆசாரிங்க ஸ்பிரிட்ல ஊறப்போட்டு பாலிஷுக்கு எடுக்கற அதே அரக்குதான், ஜார்க்கண்ட் பக்கத்துலேர்ந்துதான் உலகத்துக்கே நிறைய போகுது. ஷெல்லாக் மட்டும் தடிமனா போட்டா வெடிக்கும், மெல்லிசா இருந்தா வளையும்.

பாட்டில் விஷயத்துக்கு வர்றேன். தொறந்ததும் உள்ள காத்து போகும், எண்ணெய் பாட்டிலுக்குள்ளயே தோல் கட்ட ஆரம்பிச்சுடும், பெரிய பாட்டில் வாங்கினா பாதிக்கு மேல ஜெல்லியாகி குப்பைக்குத்தான் போகும். மூடிக்கு கீழ இருக்கற சீல முழுசா கிழிக்காம ஊசியால ஒரு ஓட்டை மட்டும் போட்டு சொட்டு சொட்டா எடுங்க, வைக்கும்போது தலைகீழா வைங்க, தோல் கட்டினாலும் அடிப்பக்கம்தான் கட்டும்.

துணி விஷயம் ரொம்ப முக்கியம், இத படிக்காம போகாதீங்க. இந்த எண்ணெய் காயும்போது சூடு வெளியாகும், தொடச்ச துணிய சுருட்டி குப்பைக் கூடையில போட்டா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியாவுல ஒன் மெரிடியன் பிளாசாங்கற 38 மாடி கட்டடம் எரிஞ்சது ஆளி எண்ணெய் நனைஞ்ச துணியாலதான், மூணு தீயணைப்பு வீரர்கள் செத்துப் போனாங்க. வெளிய ஒத்தை ஒத்தையா விரிச்சு காயப்போடுங்க, இல்லன்னா தண்ணியில முக்கி வச்சுட்டு அப்புறம் போடுங்க.

ஊர்ல மூங்கில் வில்லு செய்யறவங்க ட்ரூ-ஆயில இறக்குமதி விலை குடுத்து வாங்கணும்னு இல்ல. ஹார்டுவேர் கடையில டபுள் பாயில்டு லின்ஸீட் ஆயில் கிடைக்கும், அடியில அரக்கு பாலிஷ், மேல இந்த எண்ணெய் மெல்லிசா, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முழு நாள், மழைக் காலம்னா ரெண்டு நாள். மூங்கிலோட பச்சைத் தோல் பக்கம் எண்ணெய் இறங்காது, அங்க மேலாப்புல லேசா சுரண்டி மெழுகுத்தன்மைய மட்டும் எடுத்துட்டு போடுங்க, ஆழமா சுரண்டினா பலம் இருக்கற நாரே போயிடும்.