ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: பழையது, கார்ட்ரிட்ஜ், புதியது – மலைக்கு எது சரி?

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 770 மில்லிபார், கோவையில் 965. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் 1,600 மில்லிபார் வேண்டுமென்றால், கோவையில் டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) காற்றை 1.66 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 2 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும், அதற்கு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கீழே யாரும் கவனிக்காத சிறு ஹோஸ் கசிவு, குன்னூர் தாண்டியதும் 'வண்டி இழுக்கலை' என்ற புகாராக மாறுவது இதனால்தான்.

ஆகவே இழுவை குறைந்ததுமே டர்போவைக் கழற்றாதீர்கள். ஸ்கேனரில் பி1297 என்ற பிழைக் குறியீடு வந்தால், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் கதவு) நடுவே எங்கோ காற்று போகிறது. டைவர்ட்டர் வால்வைக் (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திருப்பிவிடுவது) கழற்றி, அதன் பிஸ்டனை மேலே தள்ளி, வாக்கம் முனையை விரலால் அடைத்தபடியே பிஸ்டனை மட்டும் விடுங்கள். பிஸ்டன் உடனே இறங்கினால் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் இன்டேக்கில் 0.5 பார் காற்று கொடுத்து, இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பி1556 (பூஸ்ட் அழுத்தம் குறைவு) என்றால் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வையும், மிகுதி எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் கதவான வேஸ்ட்கேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீலப் புகை தனிக் கதை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகமாகி, தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே இழுக்கப்படும். கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ஒரு குப்பென்று புகை வந்து அடங்கினால் சந்தேகம் வால்வு சீல் மேல். ஏறி முடித்து ஐட்லிங்கில் நிற்கும்போதும் புகை விடாமல் வந்து, இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் தேங்கியிருந்தால் டர்போவைப் பாருங்கள். அதற்கு முன் பிசிவி ஹோஸைக் (எஞ்சின் உள்ளே சேரும் வாயுவை வெளியே எடுக்கும் குழாய்) கழற்றிப் பாருங்கள். குளிரில் சிறு தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அது வெண்ணெய் போன்ற கசடால் அடைத்துக்கொள்ளும். அதனால் எஞ்சினின் கீழ்க்கூட்டில் (கிரான்க்கேஸ்) அழுத்தம் ஏறினால் நல்ல டர்போவும் ஆயில் கசியும்.

டர்போதான் என்று உறுதியானால் வழிகள் மூன்று.

சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைக்கும் பழைய கே03 (இந்த வண்டியின் டர்போ மாடல்) விலையில் மலிவு. ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளி இழுத்தால் அசைவே தெரியக்கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்புதான். ஆனால் அது எத்தனை நாள் ஆயில் பஞ்சத்தில் ஓடியது என்பதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. இந்த எஞ்சினில் டர்போ ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்பு) ஒட்டிப் பின்னால் இருப்பதால் கழற்றி மாட்டும் கூலியே பெரிது. அந்த வேலையை இரண்டு முறை செய்ய நேரும் வாய்ப்பு இதில் அதிகம். மலையில் ஓடும் வண்டிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

வெளி ஹவுசிங்குகளை வைத்துக்கொண்டு, ஷாஃப்டும் பேரிங்கும் அடங்கிய நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவதே பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது. பேலன்ஸ் செய்த கார்ட்ரிட்ஜாக, பேலன்ஸ் ரிப்போர்ட்டோடு வாங்குங்கள். வெறும் பேரிங் கிட் போட்டு லாரி டர்போ கடையில் சரிசெய்வது இங்கே எடுபடாது. இந்தச் சின்ன ஷாஃப்ட் 1.5 லட்சம் ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றுவது. பிரிக்கும் முன் ஹவுசிங்குகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று கீறிக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆயில் குழாய் பொருந்தாது.

டர்பைன் ஹவுசிங்கில் வேஸ்ட்கேட் ஓட்டையைச் சுற்றி விரிசல் ஆழமாக ஓடியிருந்தாலோ, வேஸ்ட்கேட் ஃப்ளாப் தளர்ந்து கடகடத்தாலோ கார்ட்ரிட்ஜ் உதவாது. அப்போது மட்டும் முழுப் புது டர்போ. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

எதைப் போட்டாலும், பழைய டர்போவைக் கொன்றது பெரும்பாலும் ஆயில்தான் என்பதை மறக்கக்கூடாது. எக்ஸாஸ்ட் சூட்டில் ஆயில் ஃபீட் பைப்பின் உள்ளே கரி படியும். சுத்தம் செய்து மாட்டாமல் புதிதே போடுங்கள், செம்பு வாஷர்களோடு. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தட்டான சம்ப்பை இறக்கி, ஆயில் உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள், இந்த எஞ்சினில் கசடு அங்கே சேரும். சூடான எஞ்சினில், 2,000 ஆர்பிஎம்மில், ஆயில் அழுத்த கேஜ் 2 பாருக்குக் கீழே காட்டினால் டர்போவைப் பொருத்தாதீர்கள். ஆயில் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், விடபிள்யூ (வோக்ஸ்வாகன்) 502.00 தரம், ஃபில்டரோடு சுமார் 4.5 லிட்டர். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லையேல் புது டர்போவும் புகைவதாகத் தோன்றும்.

மாட்டியதும் ஆயில் இன்லெட்டில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பத்து விநாடியாக இரண்டு மூன்று முறை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு கனெக்டர்களை மாட்டி, ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். முதல் ஓட்டம் சமதளத்தில் இருக்கட்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் பர்லியாறு ஏற்றம், ஹோஸ் கிளாம்புகளை மறுபடி இறுக்கிய பிறகு.